அரை மாத்திரை

மே 2

டேய் பொடியா,

போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜில் திட்டலாம் என்றால், நீ செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டில் என் போனுக்கு வருவது, போவது எல்லாம் சமையலறைச் சுவரில் மாட்டிய டேப்லெட்டிலும் வந்து நிற்கிறது. அப்பா டீ குடித்துக்கொண்டே ஒரு வரி விடாமல் படிக்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள். நாள் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கை, எழுதி வருஷக்கணக்காகிறது.

அப்பா பரவாயில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தானே போகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீ ஒரே ஒரு தடவை வந்தாய், ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் அவர் முகத்தைப் பார்க்காமல் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

எழுத வந்த விஷயம் வேறு. நேற்று அந்த நர்ஸம்மா வாசலில் வந்து நின்றாள். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை, டாக்டர் அரையாகக் குறைத்த பிறகும் ஏழு நாள் முழுசாகக் கொடுத்து, அப்பாவுக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியவைத்தாளே, அவளேதான். ஏஜென்சி பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம். அவள் மேல் தப்பில்லை என்று நாம் ஒரு காகிதம் எழுதிக்கொடுத்தால் திரும்பச் சேர்ப்பார்களாம்.

"எழுதி மட்டும் குடுங்கக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

"எதுக்கு? இன்னொரு வீட்டுல போய் இன்னொருத்தரைப் படுக்கவைக்கவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குனிந்து, வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். ஆறு மாதம் நம் வீட்டில் இருந்த பழக்கம். அது என்னமோ உறுத்துகிறது. நான் செய்தது சரிதானே? நீ சொல்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டாய். காகிதக் கடிதம் வந்ததென்று இங்கே எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

வேலை அதிகம், அதனால்தான் வரமுடியவில்லை. எங்கள் கம்பெனியில் நானூறு பேர். அவரவர் கணினி, அவரவர் போன், எல்லாவற்றிலும் கோப்புகள் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருநாள் விட்டால் குழம்பிப்போகும்.

நர்ஸம்மா கேட்டதை எழுதிக்கொடுத்துவிடேன் அக்கா. பாவம், அவர்களுக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. அப்பா பிழைத்துவிட்டார், அதுதானே முக்கியம். நாலு வரி எழுதினால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

இன்னொன்று. 'அப்பா' என்ற பெயரில் நாம் மூன்று இடத்திலும் வைத்திருக்கிற ஃபோல்டரை எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. உன் போன், என் லேப்டாப், வீட்டு டேப்லெட் என்று எதற்கு வீண் சிக்கல்? மாத்திரை அட்டவணையைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடு.

வேறு ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் எழுத நினைத்தேன். அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

தம்பி


மே 14

பொடியா,

பாவமாம். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். உனக்கென்ன, முன்னூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு பாவம் பார்க்கலாம்.

அன்றைக்கு நடந்ததை முழுசாக உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை. அப்பா குளியலறையில் விழுந்து, வாயெல்லாம் ரத்தம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, எவ்வளவு குடுத்தீங்க?" என்றார். அவள் "ஒண்ணு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அரைதானே போட்டிருக்கேன்?" என்றேன். "இல்லக்கா, டேப்லெட்ல ஒண்ணுன்னுதான் இருக்கு" என்று சாதித்தாள். அங்கே என் போனில் நெட் எடுக்கவில்லை, உனக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நீயும் அரை என்றாய். வீட்டுக்கு வந்து, அவளையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்தேன். பளிச்சென்று 1/2. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "இப்ப படி. சத்தமா படி" என்றேன். படித்தாள். "அரை" என்றாள்.

என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்ததாகவும் ஒரு கதை சொன்னாள். என்னைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாதா?

அப்பா மட்டும் அவள் பக்கம். நேற்றும் ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் குடுப்பா. நான் முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன். லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள மாட்டிக்கிட்டவங்களையா திட்டுவேன்? மேல ஏறி மோட்டாரைப் பாப்பேன்."

நீ ஏன் அவளுக்குப் பரிந்து பேசுகிறாய்? ஃபோல்டரை ஏன் எடுக்கச் சொல்கிறாய்? ஊருக்கெல்லாம் அதன் பெருமையைப் பேசியவன் நீதான். "இனிமே யாரும் யாருக்கும் போன் போட்டுக் கேக்க வேண்டாம்க்கா, எங்க மாத்தினாலும் எல்லா இடத்துலயும் மாறிடும்" என்றாயே. கால்மாட்டில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். மழுப்பாமல் எழுது.

அக்கா


மே 22

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிப்பதற்குள் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

டேப்லெட்டில் ஒன்று என்றுதான் இருந்தது. நர்ஸம்மா சரியாகத்தான் படித்தார்கள். அந்த ஒன்றைப் போட்டது நான்.

அப்பா விழுவதற்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை செக்கப்பில் டாக்டர் குறைத்ததும், நீ ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் 1/2 என்று மாற்றினாய். அது டேப்லெட்டுக்குப் போனது. என் லேப்டாப் இரண்டு நாளாக மூடியே கிடந்தது. புதன்கிழமை ரயிலில் வேலை நிமித்தம் போனேன். வழியெல்லாம் சிக்னல் இல்லை. பொழுது போகாமல் அப்பாவின் அட்டவணையைத் திறந்தேன். அதில் பழைய ஒன்றுதான் இருந்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை அக்கா. கட்டங்களை நேராக்கினேன். காலைக்கு மஞ்சள், மாலைக்கு நீலம் என்று நிறம் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று.

ஊர் வந்து சிக்னல் கிடைத்ததும், கடைசியாகத் தொட்டது நான் என்பதால் அந்த ஃபோல்டர் என்னுடையதைப் புதியது என்று எடுத்துக்கொண்டு, நீ எழுதியதை ஓரமாக வேறொரு கோப்பாக ஒதுக்கிவைத்துவிட்டது. வியாழன் காலை டேப்லெட்டில் வண்ண வண்ணமாக என் அட்டவணை. அதில் ஒன்று.

அலுவலகத்தில் வாரம் ஒருவர் இதையே சொல்லி அழுதுகொண்டு வருவார். "ரெண்டு பேர் ஒண்ணைத் தொட்டா இப்படித்தான் ஆகும், பாத்துச் செய்யுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புகிறவன் நான்.

இதுவரை சொன்னது தவறு. தவறு யாருக்கும் நேரும். இனி சொல்லப்போவதுதான் என்னைத் தின்கிறது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய். நான் மேசையில் இருந்தேன். திறந்தேன். ஒன்று. பக்கத்திலேயே ஓரமாக உன்னுடைய கோப்பு, அதில் அரை. பார்த்த உடனே புரிந்துவிட்டது. "இரு அக்கா, பாக்கறேன்" என்று உன்னை லைனில் வைத்துக்கொண்டே உன்னுடையதை இடத்தில் வைத்தேன். என்னுடையதை அழித்தேன். பிறகு "அரைன்னுதான்க்கா இருக்கு" என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அட்டவணையில் டாக்டர் சொன்ன அளவே இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதற்கு என்னுடையதை அழித்திருக்க வேண்டியதில்லை.

அழித்த கோப்பு முப்பது நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். தினமும் திறந்து பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், மூடிவிடுவேன். முப்பத்தோராவது நாள் பார்த்தேன், இல்லை. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன். அக்கா, மற்ற எதையும்விட அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் கூசுகிறது.

நர்ஸம்மாவை நீ சத்தமாகப் படிக்கச் சொன்னாய் என்பது எனக்கு உன் கடிதத்தைப் பார்க்கும்வரை தெரியாது.

தம்பி


மே 28

படித்தேன். இப்போது எதுவும் எழுத மாட்டேன். போன் செய்யாதே. அப்பாவிடம் எதையும் உளறாதே.


ஜூன் 17

பொடியா,

மூன்று வாரம் உன்னைத் திட்டி மனசுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். திட்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அந்த இடத்தைச் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அவள் என்னைக் கேட்டாள்.

வியாழக்கிழமை காலை. ஒரு புதுப்பெண்ணுக்கு ஸ்டியரிங் கொடுத்திருந்தேன். முன்னால் பஸ், பின்னால் லாரி. போன் அடித்தது. "அக்கா, நேத்து வரைக்கும் அரை இருந்துச்சு, இன்னைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே, டாக்டர் மாத்திட்டாரா?" என்றாள். அந்தப் பெண் கிளச்சை விட்டுவிட்டாள், வண்டி குதித்தது. "டேப்லெட்ல என்ன இருக்கோ அதைக் குடும்மா, சும்மா சும்மா போன் போடாத" என்று வைத்துவிட்டேன். அவள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவே இல்லை. அதன்பிறகு அவள் போன் போடவில்லை. ஏழு நாளும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் "உங்களைக் கேட்டேனேக்கா" என்றதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த லாரியின் ஹாரன் சத்தம்கூட ஞாபகம் வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். "எங்கிட்ட எதுவும் கேக்கல" என்றேன். அப்புறம் டேப்லெட்டில் அரை இருந்ததைப் பார்த்ததும், சரி, இவள் பொய்தான் சொல்கிறாள், அந்தப் போனும் நடந்திருக்காது என்று நானே நம்பிவிட்டேன். நீ அழித்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது பார். மே மாதம் உனக்கு எழுதியபோதும் அந்தப் பொய்யையே எழுதினேன். உன்னைக் குடைந்து கேட்டுக்கொண்டே எழுதினேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டு பேருடையதையும். அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டு பேருமா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம், "அவளைப் போய்ப் பாத்தியா?" என்றார்.

போனேன். ஏஜென்சியில் எழுதிக்கொடுத்துவிட்டு, முகவரி வாங்கிக்கொண்டு போனேன். இப்போது ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். பின்வாசலில் நிற்கவைத்தார்கள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் போன் விஷயத்தைச் சொன்னேன். "நீ கேட்ட. நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன்" என்றேன். காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. அவள், "அப்ப டேப்லெட்ல?" என்றாள்.

அதை நான் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "அதை என் தம்பி வந்து சொல்லுவான்" என்றேன்.

"எப்ப?"

"நீ எப்ப சொல்றியோ அப்ப."

"எனக்கு ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு அரை மணி நேரம் ஓய்வு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மீட்டிங், கீட்டிங் என்று ஆரம்பிக்காதே. வா.

அக்கா


ஜூன் 23

அக்கா,

ஜூலை முதல் ஞாயிறு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏஜென்சிக்கு நானும் எழுதி அனுப்பினேன். நடந்ததை நாள், மணி எல்லாம் போட்டு, கோப்பை அழித்தது நான்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகலை நர்ஸம்மாவிடம் நேரில் கொடுக்கிறேன்.

போன் விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபப்பட எனக்கு ஒரு தகுதியும் மிச்சமில்லை. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே பொய்யை நின்று காப்பாற்றியிருக்கிறோம்.

அவர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லேன். உனக்கு இதெல்லாம் வரும்.

தம்பி


ஜூன் 28

எனக்கும் வராது. போய் நில், வார்த்தை தானாக வரும். அப்பா தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துவைக்கச் சொல்லியிருக்கிறார், நீ வருகிறாய் என்று. என்ன நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா


ஜூலை 7, ரயிலில்

அக்கா,

நேற்று வீட்டில் உன்னிடம் சொல்ல முடியவில்லை. அப்பா நடுவில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா?" என்றார். "பாத்தேன்ப்பா" என்றேன். "ம்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நீயும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நர்ஸம்மா பதினொரு மணிக்குச் சரியாக வந்தார்கள். பின்வாசலில் துணி வண்டிகள் நிற்குமே, அங்கே படியில் உட்கார்ந்தோம். கண்ணாடி போட்டிருந்தார்கள். நம் வீட்டில் இருந்தபோது கண்ணாடி இல்லை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனால் அப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

நான் சொன்னேன். ரயில், நிறம், அழித்தது, முப்பது நாள், எல்லாம். கடிதத்தின் நகலையும் கொடுத்தேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தவேண்டியிருந்தது. அவர்கள் ஆறுதல் சொல்லவில்லை, காத்திருந்தார்கள். முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்க சார். கிழமை சொல்லிச் சொல்லுங்க" என்றார்கள்.

மறுபடி சொன்னேன். வியாழக்கிழமை வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

"வியாழக்கிழமை காலையில டேப்லெட்ல ஒண்ணுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அரை இல்ல?"

"இல்ல. ஒண்ணு."

"நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன். புதன்கிழமை, அக்கா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணப்ப, நானே பாத்தேன்."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். "இதை ஏப்ரல்ல வாங்கினேன் சார். கண் டாக்டர் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. ஏழு நாள் அரைங்கறது எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்கே, அப்புறம் எப்படி ஒண்ணுமில்லாம இருக்கும்? அக்காகிட்ட கேட்டதும் நடக்கலைன்னு சொன்னாங்க. அப்ப எனக்கு மூளையிலயும் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன். போன மாசம் என் பொண்ணுக்குக் காய்ச்சல். மருந்து பாட்டிலைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன், எத்தனை மில்லின்னு படிச்சுச் சொல்லச் சொல்லி. பதினாலு வருஷம் இதே வேலை பாத்தவ."

அக்கா, நான் வேலை போனதற்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். இது எனக்குத் தெரியாது.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "அதெல்லாம் இப்ப சொல்ல வராது சார்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னார்கள். ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்களாம், திரும்பப் போவது பற்றி இன்னும் முடிவு செய்யவில்லையாம். நம் வீட்டுக்கு வேலைக்கு வரமாட்டார்கள். ஒருநாள் ஐயாவை மட்டும் வந்து பார்ப்பார்களாம், நீயும் நானும் இல்லாத நேரமாக.

எழுந்துகொள்ளப் போனவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்கள். யாருடையதோ, தலைவலி மாத்திரை. பின்பக்கம் பொடிப்பொடியாக எழுதியிருக்குமே, அதைக் கண்ணாடி இல்லாமல் மெதுவாகப் படித்தார்கள். எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் வரை, பேட்ச் எண் என்ன என்று ஒவ்வொரு எண்ணாக. பிறகு அட்டையை என்னிடம் நீட்டி, "நீங்க படிங்க" என்றார்கள்.

நான் படித்தேன். என் குரலைக் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்கள். கடைசி எண் வந்ததும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"சரியாத்தான் படிக்கிறேன்" என்றார்கள். என்னிடம் சொல்லவில்லை.

அரை மணி முடிந்துவிட்டது. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்கள். அந்த ஈரத் துணி வண்டிகளுக்கு நடுவில் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி